ஒன்பதாவது ரீலின் இருட்டு

என் அக்கா புருஷனுக்குப் போட்டோ கிடையாது. கல்யாணம் காவாந்தண்டலம் காலனியில் ஓலை வேய்ந்த மாதா கோயிலில் நடந்தது. உத்திரமேரூரிலிருந்து போட்டோக்காரரைக் கூட்டிவர யாருக்கும் தோன்றவில்லை. ரேஷன் கார்டில் அப்போதெல்லாம் படம் ஒட்டுவதில்லை. அவருடைய உருவம் என்று இந்த உலகத்தில் மிஞ்சியது ஒரு சண்டைப் படத்தின் ஒன்பதாவது ரீலில் ஐந்து வினாடி. அந்த ஐந்து வினாடி கெட்டுப்போனதில் எனக்கும் பங்கு உண்டு.

எண்பதுகளின் தொடக்கத்தில் எங்கள் பக்கத்துக் கல்குவாரி ஒன்றில் அந்தப் படத்தை எடுத்தார்கள். கொள்ளைக்காரன் கதை. நான் அப்போது செங்கல்பட்டுப் பக்கம் சூளையில் கல் அறுத்துக்கொண்டிருந்தேன், எட்டாவதோடு பள்ளிக்கூடம் முடிந்துவிட்டது. அதனால் நடந்ததெல்லாம் எனக்குக் கேட்டு அறிந்ததுதான். மாமா அந்தக் குவாரியில் கல் உடைத்துக்கொண்டிருந்தார். நல்ல உயரம், அகன்ற தோள். கதாநாயகனுக்குப் பதிலாகக் குதிக்க வேண்டிய டூப்பு முதல் நாள் குதிரையிலிருந்து விழுந்து முட்டியை உடைத்துக்கொண்டதால், சினிமாக் கம்பெனி ஆட்கள் கூட்டத்தில் நின்றவர்களை மேலும் கீழும் பார்த்து இவரைப் பிடித்தார்கள். கறுப்புச் சட்டை, தலையில் சிவப்புத் துண்டு, இடது கையில் எரியும் பந்தம். பாறை விளிம்பில் நிற்க வேண்டும், கீழே அடுக்கியிருக்கும் அட்டைப்பெட்டிகள்மேல் குதிக்க வேண்டும். அவ்வளவுதான் வேலை.

அவர் பெட்டிகளுக்கு வெளியே விழுந்தார். கம்பெனி வண்டியில் ஆஸ்பத்திரி வாசல்வரை கொண்டுபோய் விட்டார்கள். முதுகெலும்பு போயிருந்தது. எட்டு மாதம் பாயில் கிடந்து செத்துப்போனார்.

அந்த எட்டு மாதத்தில் நான் இரண்டு தடவை போய்ப் பார்த்தேன். வலியைப் பற்றிப் பேசமாட்டார். ஷூட்டிங்கைப் பற்றித்தான் பேசுவார். "உச்சி வெயிலுடா. நிக்க வெச்சி, இது ராத்திரின்னு நெனச்சிக்கோன்றான். கையில பந்தம் வேற. எனக்கு சிரிப்பு வந்துச்சி" என்றார். அக்கா பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது ஒன்று மட்டும் தவறாமல் சொல்வார்: "நெத்தில, நெஞ்சில கைய வெச்சி சிலுவ போட்டுக்கினுதான் குதிச்சேன். நான் சரியாத்தான் குதிச்சேன். கீழ பொட்டி அடுக்குனவன்தான் தள்ளி அடுக்கிட்டான்."

ஊரில் வேறு மாதிரி சொன்னார்கள். கூட வேலை செய்த ஒருவர், அவரும் அதே காலனிதான், டீக்கடையில் எல்லோருக்கும் கேட்கும்படி சொல்வார்: "அவன் எங்க குதிச்சான்? மேல ஏறினதும் காலு தந்தியடிச்சிச்சி. சறுக்கி வுழுந்தான். அதுக்கு வீரன்னு பேரு." அக்கா அவருடன் சண்டை போடாத வருஷம் கிடையாது. மாமா பயந்து சறுக்கினாரா, சிலுவை போட்டுக் குதித்தாரா என்பது வெளி ஆளுக்கு ஒன்றுமில்லாத விஷயம். அக்காவுக்கு அதைத் தவிர வேறொன்றும் மிஞ்சியிருக்கவில்லை. பிள்ளை இல்லை. நிலம் எப்போதும் இருந்ததில்லை. நடவு, களையெடுப்பு, அறுப்பு என்று மற்றவர்கள் கழனியில் குனிந்தே இருந்தாள். "படத்துல கீது, போய்ப் பாரு" என்பதுதான் அவள் சொல்லக்கூடிய ஒரே பதில்.

தொண்ணூறுகளில் நான் மானாம்பதிப் பக்கம் ஒரு டூரிங் டாக்கீஸில் ஆபரேட்டராக இருந்தேன். லைசென்ஸ் வேறொருவர் பேரில். அவர் வரமாட்டார், நான் ஓட்டுவேன். புதுப் படங்களுக்கு வாடகை அதிகம் என்று பழைய சண்டைப் படங்களைத்தான் முதலாளி எடுப்பார். அந்தக் கொள்ளைக்காரன் படம் வருஷத்துக்கு ஒருமுறையாவது வரும். வருகிற அன்று அக்காவுக்குச் சொல்லியனுப்புவேன். கழனி வேலை முடித்து, காலைக் கழுவிக்கொண்டு அப்படியே நடந்து வந்து பெண்கள் பக்கத்தில் மணலில் முன்வரிசையில் உட்காருவாள்.

பாறைக் காட்சி திரையில் நல்ல இருட்டு. பகலில் எடுத்ததை லேபில் இருட்டாகப் பிரிண்ட் போட்டிருந்தார்கள். அப்போதெல்லாம் எல்லாச் சண்டைப் படத்திலும் அப்படித்தான். ராத்திரியில் படம் எடுக்க விளக்கு வேண்டும், ஜெனரேட்டர் வேண்டும். வெயிலில் எடுத்து இருட்டாக்கினால் செலவு இல்லை. நீலம் கலந்த கருமையில் பந்தத்தின் நெருப்பு மட்டும் தெரியும், தலைத்துண்டு கொஞ்சம் சிவப்பாகத் தெரியும். ஓர் உருவம் விளிம்புக்கு வரும், வலது கை மேலே போய் நெஞ்சுக்கு வரும், உருவம் காற்றில் இறங்கும். அந்தக் கை மேலே போகும்போது அக்காவும் மணலில் உட்கார்ந்தபடியே சிலுவை போட்டுக்கொள்வாள்.

டூரிங் டாக்கீஸ் ஆபரேட்டர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. இருட்டுக் காட்சி வந்தால் தரை டிக்கெட்டில் விசில் அடிப்பார்கள், "வெளிச்சம் வைடா" என்பார்கள். நாங்கள் புரொஜெக்டர் விளக்குக்குக் கரண்ட் கொடுக்கும் ரெக்டிபையர் பெட்டியில் கரண்டைக் கூட்டி, விளக்காக எரிகிற இரண்டு கார்பன் குச்சிகளையும் கொஞ்சம் நெருக்கி வைப்போம். திரை பளிச்சென்று ஆகும். கார்பன் சீக்கிரம் தீரும், முதலாளி திட்டுவார். ஒன்பதாவது ரீலில் அந்த இடத்துக்கு நான் விசிலுக்குக் காத்திருக்க மாட்டேன். உருவம் விளிம்புக்கு வருவதற்கு முன்பே கூட்டிவிடுவேன், அக்காவுக்காக.

ஒரு தடவை அந்த டீக்கடைக்காரரும், அதாவது கடையில் உட்கார்ந்து கேலி பேசுகிறவர், ஆட்டத்துக்கு வந்திருந்தார். ஆண்கள் பக்கத்திலிருந்து, "இன்னாமே, ஒரே இருட்டா கீது. உன் வூட்டுக்காரன் எங்க கீறான்?" என்று கேட்டார். அக்கா திரும்பிப் பார்க்காமல், "கண்ணு கீறவனுக்குத் தெரியும். கை நெஞ்சாண்ட போவுது பாரு" என்றாள். மணலில் உட்கார்ந்திருந்தவர்கள் சிரித்தது அவரைப் பார்த்துத்தான். படம் பார்த்த எல்லோரும் கை நெஞ்சுக்குப் போவதைப் பார்த்திருந்தார்கள். நானும் மாமாவின் முகத்தையே பார்த்ததாக நம்பினேன். மேலுதட்டில் வெட்டுத்தழும்பு, அமைதியான கண். ஆபரேட்டர் ஓட்டை வழியாக நான் அதைப் பத்துப் பதினைந்து தடவை பார்த்திருக்கிறேன். பிரிண்டில் கறுத்துப்போன இடத்தில் கார்பனை எவ்வளவு நெருக்கினாலும் ஒன்றும் வராது என்று தொழில் தெரிந்த எனக்கு உறைக்கவில்லை. அந்த முகம் நானே நினைப்பில் வைத்துப் பார்த்த முகம்.

டாக்கீஸை மூடினார்கள். நான் ஆந்திராவுக்குப் போனேன், கிரானைட் பாலிஷ் போட்டேன். லாரியில் கிளீனராகப் போனேன். ஹோசூரில் ஒரு வருஷம், காஞ்சிபுரத்தில் ஒரு பாய் கடையில் மூட்டை தூக்கி ஆறு மாதம். ஓரிடத்தில் இருந்தால் கால் அரிக்கும். இரண்டாயிரத்துக்குப் பிறகு சென்னையில் பழைய படங்களைப் புதுப்பிக்கும் ஒரு சிறிய ஸ்டூடியோவில் பிலிம் சுத்தம் செய்யும் வேலை கிடைத்தது. பூஞ்சை பிடித்த நெகட்டிவை மெல்லிய துணியால் துடைக்க வேண்டும், கிழிந்த ஓரத்தை ஒட்ட வேண்டும். பிலிமைக் கையில் பிடிக்கத் தெரிந்த ஆள் அங்கே நான் ஒருவன்தான். மற்றவர்கள் எல்லாம் கம்ப்யூட்டர் பிள்ளைகள்.

அங்கேதான் கலர் என்பது எப்படியெல்லாம் கெடும் என்று பார்த்தேன். பழைய பிரிண்டுகள் வயதாகி ரோஸ் நிறமாகிவிடும், வானம், இலை, முகம் எல்லாம் ஒரே ரோஸ். அது காலம் செய்வது, அதற்கு யாரையும் குறை சொல்ல முடியாது. நெகட்டிவை ஸ்கேன் செய்து கம்ப்யூட்டரில் போட்டு, இன்றைய படம் மாதிரி ஆக்கு என்று சொல்வார்களே, அது மனிதன் செய்வது. அப்போது புதுப் படங்களில் நிழலெல்லாம் பாசி கலந்த நீலம், தோலெல்லாம் ஆரஞ்சு. அதையே கொண்டுவந்து பழைய படத்தின் தலையிலும் கொட்டினார்கள். பழைய சண்டைப் படத்தில் ரத்தம் என்பது பெயிண்ட். அந்தக் காலத்துப் பிலிமில் எது ரத்தமாகத் தெரியும் என்று பார்த்துக் கலக்கிய பெயிண்ட். புதுக் கலரில் அது செங்காவி மாதிரி ஆகிவிடும். தூசியும் புகையும் இருட்டும் அந்தப் படங்களுக்குத் துணி மாதிரி. அட்டைப் பாறை, இடுப்புக் கயிறு, மெத்தை ஓரம், டூப்பின் முகம் எல்லாவற்றையும் அவைதான் மூடிவைத்திருந்தன. நிழலைத் தூக்கி வெளிச்சமாக்கினால் எல்லாம் அம்மணமாக நிற்கும். படம் பழசு என்பதால் சிரிக்கிறார்கள் என்று நினைக்கிறோம். துணியை உருவியதால் சிரிக்கிறார்கள்.

கொள்ளைக்காரன் படம் அங்கே வந்தது. டப்பாவைத் திறந்து முதல் ரீலைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. அந்த வாரமே ஊருக்குப் போய் அக்காவிடம் சொன்னேன்: மாமா படத்தைப் புதுசாக்குகிறார்கள், இனிமேல் முகம் பளிச்சென்று தெரியும். அவள் களைக்கொத்தைக் கீழே வைத்துவிட்டு, "நெஜமாவாடா?" என்று கேட்டாள். அவ்வளவுதான் கேட்டாள். ஆனால் அன்று சாயங்காலத்துக்குள் காலனி முழுக்கத் தெரிந்திருந்தது.

கலர் செய்கிற தம்பி நல்ல பிள்ளை. இருபத்தைந்து வயதுக்குள் இருக்கும். ஒன்பதாவது ரீலுக்கு வந்தபோது அவனுக்குச் சந்தேகம். எந்த ஷாட்டை எவ்வளவு இருட்டாகப் பிரிண்ட் போட வேண்டும் என்று லேபில் எழுதிவைத்த சீட்டு தொலைந்துபோயிருந்தது. ஒப்பிட்டுப் பார்க்க இருந்த ஒரே பழைய பிரிண்டு ரோஸாகி வெளுத்துப்போயிருந்தது. நெகட்டிவில் இருந்தது உச்சி வெயில். என்னை உள்ளே கூப்பிட்டான்.

"அண்ணே, நீங்க இந்தப் படம் ஓட்டியிருக்கீங்கல்ல? இது பகல்தானே? நிழல் காலடியிலேயே கிடக்குது."

ராத்திரி என்றேன்.

"எவ்வளவு இருட்டு?"

என் வாயிலிருந்து வந்தது இதுதான்: "இருட்டுதான் சார். ஆனா ஆளு நல்லாத் தெரிவாரு. மூஞ்சி தெரியும். கைய நெஞ்சுல வெக்கிறது தெரியும்."

பொய் சொல்லவில்லை. நான் கண்டது அதுதான். கார்பனை நெருக்கிக் கண்டது என்பதை மட்டும் சொல்லவில்லை, எனக்கே அது நினைவில்லை.

அவன் மேசையில் இருந்த, வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் உருண்டையை விரலால் உருட்டினான். இருட்டு மெல்லமெல்ல விலகியது. பாறை வந்தது, சட்டை மடிப்பு வந்தது, முகம் வந்தது. உதட்டுத் தழும்பு வந்தது. இருபத்தைந்து வருஷத்துக்குப் பிறகு மாமா என் எதிரில் ஓர் ஆள் உயரத்துக்கு நின்றார்.

பிறகு அவன் ஓடவிட்டான். மாமா விளிம்பைப் பார்க்கிறார், பின்னால் ஓர் அடி வைக்கிறார். வலது கால் சரளைக்கல்லில் சறுக்குகிறது. வலது கை மேலே போகிறது, பாறையைப் பிடிக்க. பிடி கிடைக்காமல் நெஞ்சில் வந்து மோதுகிறது. வாய் திறந்திருக்கிறது. பந்தம் கையை விட்டுப் போகிறது. அப்புறம்தான் உடம்பு போகிறது.

இன்னொரு தடவை போடச் சொன்னேன். நான்கு தடவை போட்டான்.

"சார், கொஞ்சம் இருட்டாக்கிடலாமா?" என்று கேட்டேன்.

"இப்பதானேண்ணே தெரியணும்னு சொன்னீங்க?"

அந்தச் சமயத்தில் படத்தின் உரிமை வாங்கியவரின் மகன் உள்ளே வந்தார். இவ்வளவு விவரம் நெகட்டிவில் இருக்கிறதா என்று ஆச்சரியப்பட்டார். இருப்பதை எதற்கு மறைக்க வேண்டும், காசு கொடுத்துப் புதுசாக்குவது எதற்கு என்று கேட்டார். கலர் செய்கிற தம்பி, முகம் கதாநாயகனுடையது இல்லை என்பது தெரிகிறதே என்று தயங்கினான். "அஞ்சு செகண்டு. யாரு பாக்கப் போறா?" என்றார் அவர். நிழலில் பாசி நீலத்தைக் கொஞ்சம் ஏற்றி, முகத்தில் ஆரஞ்சைக் கூட்டி முடித்துவிட்டார்கள். பகலும் இல்லை, ராத்திரியும் இல்லை. மழைக்கு முந்தின மத்தியானம் மாதிரி ஒரு வெளிச்சம்.

அது என் அக்கா புருஷன் என்று நான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நான் வேலை செய்த எந்த இடத்திலும் நான் யார் என்று யாருக்கும் தெரியாது. அப்படி இருந்தே பழகிவிட்டது. அடுத்த மாதம் அந்த ரோஸ் பிரிண்டையும் கழிவு பிலிம் வாங்குகிறவனுக்கு மூட்டை கட்டி ஏற்றினேன். பிலிம் ஓரத்துச் சத்தக்கோட்டில் இருக்கும் வெள்ளியை எடுப்பதற்காக வாங்குவார்கள். பதினாறு ரீல். ஒன்பதாவதைத் தனியாக எடுத்து வைக்கலாம் என்று எனக்குத் தோன்றவில்லை.

படம் உத்திரமேரூர் தியேட்டருக்கு வந்தது. தெரிந்ததும் வேலை இடத்தில் சொல்லாமல் பஸ் ஏறினேன். அக்காவை எப்படியாவது போகவிடாமல் செய்ய வேண்டும். காஞ்சிபுரத்தில் பஸ் மாறி நான் போய்ச் சேர்ந்தபோது மத்தியான ஆட்டம் தொடங்கிவிட்டது. அவள் ஏற்கெனவே உள்ளே இருந்தாள். களையெடுக்கும் கூட்டம் முழுவதையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தாள். அந்த டீக்கடைக்காரரையும் அவளே போய்க் கூப்பிட்டிருக்கிறாள். "நீ வா. இப்போ பளிச்சினு தெரியுமாம். கண்ணால பாத்துட்டு அப்பறம் பேசு" என்று சொல்லியிருக்கிறாள். அவர் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு அவளுக்கு இரண்டு வரிசை தள்ளி உட்கார்ந்திருந்தார்.

அக்கா பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். வெளியே போகலாம் வா என்றேன். அவள் கையை உதறினாள்.

ஒன்பதாவது ரீல் வந்தது. வெளிச்சமான வானத்துக்குக் கீழே பத்துப் பேர் ஆளுக்கொரு பந்தத்தைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். நெருப்பே தெரியவில்லை. "பட்டப் பகல்ல எதுக்குடா பந்தம்?" என்று முன்னால் ஒருவன் கேட்டான். "கரன்ட் கட்டுடா" என்றான் இன்னொருவன். தியேட்டரே சிரித்தது. அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் மாமா விளிம்புக்கு வந்துவிட்டார். "டூப்பு, டூப்பு" என்று கத்தினார்கள். கால் சறுக்கியதும் இன்னும் பெரிதாகச் சிரித்தார்கள்.

அக்காவின் கை பழக்கத்தில் நெற்றிவரை போயிருந்தது. அங்கேயே நின்றது. பிறகு அந்தக் கையால் முந்தானையை இழுத்து வாயை மூடிக்கொண்டாள்.

டீக்கடைக்காரர் சிரிக்கவில்லை. இடைவேளை விளக்கு போட்டதும் எழுந்து யாரையும் பார்க்காமல் வெளியே போனார். இருபத்தைந்து வருஷமாகச் சொன்னது உண்மை என்று தெரிந்த ஆள் ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் ஏதாவது சொல்லியிருந்தால் அக்கா சண்டையாவது போட்டிருப்பாள்.

பஸ் ஸ்டாண்டில் காவாந்தண்டலம் பஸ்ஸுக்கு நின்றபோதுதான் அவள் பேசினாள். "புடிச்சிக்கப் பாத்துக்கீறாரு" என்றாள். கொஞ்சம் கழித்து, "எட்டு மாசம். என்னாண்ட சிலுவ போட்டேன், சிலுவ போட்டேன்னு சொல்லிக்கினே கெடந்தாரு" என்றாள். பஸ் வந்து நின்று ஆட்கள் ஏறிக்கொண்டிருக்கும்போது, "பழைய படம் எங்கனா கீதா? அந்த இருட்டு?" என்று கேட்டாள்.

இல்லை என்றேன். மூட்டை கட்டி ஏற்றியது நான்தான் என்பதையும் சொன்னேன்.

"சரி" என்று பஸ்ஸில் ஏறிவிட்டாள். மறுநாள் காலையில் களைக்குப் போனாள். அதன்பின் காலனியில் யாரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. நான் ஸ்டூடியோ வேலைக்குத் திரும்பிப் போகவில்லை. திருப்பூர் போனேன்.

இரண்டு வருஷம் கழித்து ஒரு பொங்கலுக்கு ஊருக்கு வந்தேன். அக்கா வீட்டில் அரசாங்கம் கொடுத்த இலவச டிவி இருந்தது. மத்தியானம் அந்தப் படத்தைப் போட்டார்கள். அதே கலர்தான். இனி எங்கே போட்டாலும் அதுதான். நான் நிறுத்தப் போனேன். அவள் வேண்டாம் என்றாள். பந்தங்கள் வந்ததும் ரிமோட்டை என்னிடம் நீட்டி, "இத்த இருட்டாக்க முடியுமாடா?" என்று கேட்டாள்.

பொத்தானை அழுத்தியதும் திரையின் அடியில் வெளிச்சத்தின் அளவைக் காட்டும் ஒரு பச்சைக் கோடு வந்தது. அதைக் குறைத்தேன். வானம் மங்கியது. மாமா விளிம்புக்கு வந்தார்.

"மூஞ்சி தெரியுது" என்றாள்.

இன்னும் குறைத்தேன்.

"கை தெரியுது. இன்னும் கொறை."

கோடு முடிந்துபோனது. திரையில் எதுவும் இல்லை. குதிரைகள் ஓடும் சத்தமும் பின்னணி இசையின் மத்தளமும் மட்டும் வந்துகொண்டிருந்தன. அக்கா அந்தக் கறுப்பைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சிலுவை போடவில்லை.